பார்த்தீனியப் பூண்டும் பஞ்சாயத்தின் கடமையும்

(ஜூஜுவாடியில் கூடிய சுற்றுவட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சிறு செடியைப் பற்றியது. சாலை, பள்ளிக்கூடம், குடிநீர் முதலிய பெரிய காரியங்கள் பல இருக்க, ஒரு பூண்டைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் எண்ணக்கூடும். அச்செடி நம் வயலின் விளைவையும், மாட்டின் பாலையும், வேலை செய்வோர் உடல்நலத்தையும் ஒருங்கே கெடுப்பதாக இருப்பதனால், இதுவும் பஞ்சாயத்தின் தலையாய காரியங்களுள் ஒன்றே என்பதை எடுத்துக்காட்டுவது எமது நோக்கமாகும்.

இக்கூட்டம் ஜூஜுவாடியில் நடப்பது பொருத்தமே. முன்னாளில் தனி ஊராட்சியாக விளங்கிய இவ்வூர் இன்று ஓசூர் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. தமிழ்நாட்டின் எல்லையாகவும், கர்நாடகத்தின் வாயிலாகவும் உள்ள இடம் இது. ஒரு பக்கம் தொழிற்சாலைகள், மறு பக்கம் வீட்டுமனைகள், நடுவே இரவும் பகலும் லாரிகள் ஓடும் பெங்களூர் நெடுஞ்சாலை. தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று மொழிகளும் இங்கே புழங்குகின்றன. மக்களும் சரக்கும் எல்லையைக் கடந்து போய் வருவதுபோலவே இச்செடியின் விதையும் போய் வருகின்றது. அதனைத் தடுத்து நிறுத்தும் சோதனைச் சாவடி எதுவும் இல்லை.

செடியின் இயல்பு

நாம் குறிப்பிடுவது பார்த்தீனியம் என்னும் பூண்டு. கன்னடம் பேசுவோர் இதனைக் 'காங்கிரஸ் கிட' என்பர். நம்மவரும் காங்கிரஸ் செடி என்பதுண்டு. கேரட் இலையைப் போன்று பிளவுபட்ட இலையும், உச்சியில் கொத்துக் கொத்தாகச் சிறு வெண்பூக்களும் உடையது. இளமையில் இலைகள் தரையோடு தரையாக வட்டமாகப் படர்ந்திருக்கும். பின்னர் நடுவே தண்டு எழும்பி, மூன்று முதல் ஐந்து அடி வரை வளரும்.

இது சூரியகாந்தியின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் பகுதியில் பயிரிடும் சாமந்தி, செண்டுமல்லி, பசுமைக்குடில்களில் வளரும் ஜெர்பரா ஆகிய யாவும் அதே குடும்பத்தினவே. இக்குடும்பத்துச் செடிகளில் நாம் ஒரு பூ என்று கருதுவது உண்மையில் பல சிறு பூக்கள் சேர்ந்த ஒரு தொகுதியாகும். பார்த்தீனியத்தின் ஒவ்வொரு வெண்பூத் தொகுதியும் ஐந்து விதைகளைத் தரும். ஐந்துதானே என்று எண்ணலாகாது. நன்கு வளர்ந்த ஒரு செடி ஆயிரக்கணக்கான பூத்தொகுதிகளைத் தாங்கி, 15,000 முதல் 25,000 விதைகள் வரை உதிர்க்க வல்லது. விதை மிகச் சிறியது, எடையற்றது. காற்றிலும், நீரிலும், மாட்டின் குளம்பிலும், வண்டிச் சக்கரத்தில் ஒட்டிய சேற்றிலும் எளிதாகப் பயணம் செய்யும்.

இதன் காலக்கணக்கு இரண்டை ஒவ்வொரு விவசாயியும் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, முளைத்த நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் இது பூத்துவிடும். ஈரம் இருக்குமானால் ஓராண்டில் மூன்று நான்கு தலைமுறைகள் தோன்றும். இரண்டாவது, மண்ணுக்குள் புதைந்த விதை பல ஆண்டுகள் உயிரோடு உறங்கிக் கிடக்கும். இவ்விரண்டும் சேர்ந்தே இச்செடியை இத்தனை வலிமையுள்ளதாக ஆக்கியுள்ளன.

வந்த வழி

இதன் தாயகம் மெக்சிகோ வளைகுடாவைச் சூழ்ந்த அமெரிக்க வெப்பநாடுகள். 1950களின் நடுவில் பூனா நகரில் இது பெருகக் கண்டனர். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான கோதுமையோடு இதன் விதையும் வந்தது என்பது பரவலான கருத்து. அதன் பின்னர் இருப்புப்பாதையையும் நெடுஞ்சாலையையும் பற்றிக்கொண்டு நாடெங்கும் பரவிற்று. இந்தியாவில் ஏறத்தாழ 3.5 கோடி ஹெக்டேர் நிலத்தில் இது பரவியுள்ளது என்று கணக்கிட்டுள்ளனர்.

நம் நாடு மட்டும் இத்துன்பத்துக்கு ஆளாகவில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 1960ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் டெக்சாஸிலிருந்து வந்த புல் விதையோடு கலந்து நுழைந்து, மேய்ச்சல் நிலங்களைப் பாழாக்கிற்று. மொரீசியஸ் போன்ற வெப்பமண்டலத் தீவுகளிலும் இது வேரூன்றியுள்ளது. நமக்கு மிக அண்மையிலுள்ள இலங்கைத் தீவில், 1999ஆம் ஆண்டில் வவுனியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் தோன்றிற்று. 1987 முதல் 1990 வரை அங்கிருந்த இந்திய அமைதிப்படையின் வண்டிகளோடும், உணவுக்காகக் கொண்டு சென்ற ஆடுகளோடும் இவ்விதை போயிருக்கலாம் என்பது ஒரு கருத்து.

சுற்றிலும் கடல் சூழ்ந்த தீவுக்குள்ளேயே இது புகுந்துவிட்டதெனில், எல்லையில் ஒரு கல் மட்டுமே நட்டிருக்கும் நம் ஊர்களுக்குள் புகுவதில் வியப்பேது? எந்த நாட்டிலும் இதனை ஒருவரும் விரும்பி வரவழைக்கவில்லை. தானியத்தோடும், புல் விதையோடும், கால்நடையோடும், வண்டியோடும் யாரும் கவனியாமலே இது வந்தது. நாம் காண வேண்டிய பாடம் இதுவே.

மூவகைக் கேடு

இச்செடியால் விளையும் கேடுகளை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பயிருக்கு வரும் கேடு. இச்செடியின் வேரும், இலையும், உதிர்ந்த சருகும் பக்கத்திலுள்ள பயிரின் முளைப்பையும் வளர்ச்சியையும் தடுக்கும் நஞ்சை மண்ணில் சேர்க்கின்றன. பார்த்தீனின் என்னும் பொருள் அவற்றுள் முக்கியமானது. சில பயிர்களில் விளைச்சல் நூற்றுக்கு 40 பங்கு வரை குறைந்ததாக ஆய்வுகள் கூறுகின்றன. மேலும், இதன் மகரந்தம் காற்றில் பறந்து தக்காளி, கத்தரி, மிளகாய், பீன்ஸ் ஆகியவற்றின் பூக்களில் படியுமானால், காய் பிடிப்பது குறையும் என்று பெங்களூரில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. தக்காளியும் பீன்ஸும் நம் ஓசூர், சூளகிரி, கெலமங்கலம் பகுதிகளின் உயிர்ப்பயிர்கள் அல்லவா? வயலுக்குள் ஒரு களைகூட இல்லாமல் வைத்திருக்கும் விவசாயியும், வரப்புக்கு அப்பால் பூத்து நிற்கும் செடியால் நட்டமடைய நேரிடும்.

நிலக்கடலை விவசாயிகளுக்கு இன்னுமோர் எச்சரிக்கை. 2000ஆம் ஆண்டில் ஆந்திரத்தின் அனந்தப்பூர் மாவட்டத்தில் தண்டு கருகல் நோய் பரவி, நிலக்கடலைப் பயிர் பேரழிவுக்கு உள்ளாயிற்று. அந்நோயை உண்டாக்கும் நச்சுயிரி பார்த்தீனியச் செடியில் யாதோர் அறிகுறியும் காட்டாமல் தங்கியிருந்தது. அதன் மகரந்தத்தோடு சேர்ந்து, இலைப்பேன் என்னும் நுண்பூச்சியின் வாயிலாக நிலக்கடலைக்குச் சென்றது.

இரண்டாவது, கால்நடைக்கு வரும் கேடு. பசும்புல் கிடைக்கும்வரை மாடு இதனைத் தீண்டாது. மேய்ச்சல் நிலம் முழுவதையும் இச்செடியே பிடித்துக்கொண்டால் மாட்டுக்கு வேறு வழியில்லை. இதனைத் தின்ற பசுவின் பால் கசக்கும்; மாட்டின் தோலிலும் வாயிலும் புண் உண்டாகும்; மிகுதியாகத் தின்றால் உயிருக்கே ஆபத்தாகும். 1824ஆம் ஆண்டிலேயே மத்திகிரியில் கால்நடைப் பண்ணை நிறுவப்பெற்ற சீமை இது. இங்கே மேய்ச்சல் நிலத்தின் அருமையை எவருக்கும் நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

மூன்றாவது, மனிதருக்கு வரும் கேடு. எம் கருத்தில் இதுவே மிகப் பெரிது. 1960களின் இறுதியில் பூனா நகரத்து மருத்துவர்கள் இச்செடியால் வரும் தோல் நோயைப் பற்றி எழுதத் தொடங்கினர். முகம், கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் அரிப்பும் தடிப்பும் தோன்றி, தோல் கறுத்துத் தடித்துப் போகும். மகரந்தத்தைச் சுவாசிப்பதனால் தும்மல், மூக்கொழுகல், இழுப்பு ஆகியன வரும். பல நாள் பழகிய பின்னரே உடல் இந்நஞ்சை வெறுக்கத் தொடங்குகின்றது. 'நான் பத்து வருஷமாக வெறுங்கையால் பிடுங்குகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்வோர் இதனைச் சிந்திக்க வேண்டும். பதினோராம் ஆண்டில் நோய் வரலாம். ஒரு முறை வந்துவிட்டால், பின்னர்ச் செடியின் அருகே போகுந்தோறும் திரும்பத் திரும்ப வரும்.

இதுவரை நாம் செய்தது ஏன் பயனளிக்கவில்லை?

பார்த்தீனிய ஒழிப்பு முகாம் என்பது உங்களுக்குப் புதிதன்று. ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி இயக்குநரகத்தின் முயற்சியால், ஒவ்வோராண்டும் ஆகஸ்டு 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நாடெங்கும் நடைபெறுகின்றது. அது நல்ல ஏற்பாடே. ஆயினும் நம் ஊர்களில் என்ன நடக்கின்றது? ஒரு நாள் காலையில் கூடுகின்றோம். சாலையோரத்தில் சில நூறு செடிகளைப் பிடுங்குகின்றோம். ஓரிடத்தில் குவித்துவிட்டுக் கலைகின்றோம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவ்விடத்தில் முன்னிலும் அடர்த்தியாகச் செடி நிற்கின்றது. 'இதை ஒழிக்கவே முடியாது' என்ற சோர்வு அதனால் பிறக்கின்றது.

இதற்குக் காரணங்கள் மூன்று.

முதற் காரணம், பூத்த பின்னர்ப் பிடுங்குவது. பூத்து விதை முற்றிய செடியைப் பிடுங்கி உதறும்போது நாமே விதைக்கின்றோம். அதனை இழுத்துச் செல்லும் வழியெல்லாம் விதை சிந்துகின்றது. குப்பைக் குழியில் போட்டால் எருவோடு சேர்ந்து நம் வயலுக்கே திரும்புகின்றது. நூறு செடிகளில் தொண்ணூற்றொன்பதைப் பிடுங்கி ஒன்றை மட்டும் விட்டுவைத்தாலும், அவ்வொன்று 15,000 விதைகளைத் தந்துவிடும். ஆகவே, பிடுங்கிய செடி எத்தனை என்று கணக்கிடுவதால் பயனில்லை. பூக்கவிட்ட செடி எத்தனை என்பதே நாம் வைக்க வேண்டிய கணக்கு.

இரண்டாம் காரணம், ஒரு முறையோடு நிறுத்துவது. மண்ணில் விதைச் சேமிப்பு இருக்கும்வரை ஒவ்வொரு மழைக்கும் புதுச் செடி முளைத்தே தீரும். முதலாண்டில் செடி குறையாதது கண்டு மனந்தளரலாகாது. புது விதை விழாமல் காத்தால், மண்ணிலுள்ள பழைய விதை ஆண்டுக்காண்டு செலவாகும். குறைந்தது நான்கைந்து ஆண்டுகள் இடைவிடாது செய்ய வேண்டிய பணி இது.

மூன்றாம் காரணம், அவரவர் வயலோடு நின்றுவிடுவது. ராகி வயலிலும் தக்காளித் தோட்டத்திலும் களை எடுக்க ஆள் உண்டு. சாலையோரம், வாய்க்கால் கரை, ஏரிக்கரை, இடுகாடு, மனையாகப் பிரித்துக் கல் நட்டும் வீடு எழும்பாத நிலம், தொழிற்பேட்டையில் கட்டடம் வராத காலிமனை ஆகியவற்றில் யார் களை எடுப்பது? உரிமையாளர் எங்கோ இருக்கின்றார். அல்லது யார் என்றே தெரியவில்லை. இச்செடி வாழ்வது பெரிதும் இந்நிலங்களில்தான். நாம் வயலைக் காக்க வயலுக்குள்ளேயே போராடுகின்றோம். விதையோ வயலுக்கு வெளியேயிருந்து வந்துகொண்டிருக்கின்றது. தனி விவசாயியால் முடியாதது இது. பஞ்சாயத்து ஒன்றே செய்யக்கூடியது.

சப்பாத்திக்கள்ளி தரும் பாடம்

இவ்விடத்தில் ஒரு பழைய செய்தியை நினைவூட்ட விரும்புகின்றோம். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் ஊராட்சியின் கடமைகளைக் கூறும் பகுதியில், தெருவைத் தூய்மை செய்தல், குப்பைமேடுகளையும் மண்டிய புதர்களையும் சப்பாத்திக்கள்ளியையும் அகற்றுதல் என்பன சேர்ந்துள்ளன. சப்பாத்திக்கள்ளிக்குச் சட்டத்தில் ஏன் தனி இடம்? ஒரு காலத்தில் அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஊர்களை வளைத்துக்கொண்ட செடியாகும். பயிர் செய்யும் நிலமெல்லாம் கள்ளிக்காடாக மாறிற்று. 1926ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து ஒருவகைச் செதிற்பூச்சி தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அது கள்ளியின் சாற்றை உறிஞ்சி, சில ஆண்டுகளில் பெரும் பரப்பை அழித்தது.

அதே வழியைப் பார்த்தீனியத்துக்கும் நம் அறிஞர்கள் கையாண்டனர். மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டை 1983ஆம் ஆண்டில் பெங்களூருக்குக் கொண்டுவந்து சோதித்து, 1984ஆம் ஆண்டில் அந்நகர்ப் புறத்தில் விட்டனர். வெளிறிய முதுகில் பழுப்புக் கோடுகள் உடைய சிறு வண்டு அது. வண்டும் அதன் புழுவும் பார்த்தீனியத்தின் இலையைத் தின்று செடியை மொட்டையாக்கும். சூரியகாந்தியையும் இது தின்னுமோ என்ற ஐயம் இடையில் எழுந்தது. அதனை ஆராய அரசாங்கம் குழு அமைத்தது. ஆராய்ந்தபின் பயிருக்கு அஞ்சத்தக்க கேடு இல்லை என்று தெளிந்தனர். பெங்களூர் நமக்குப் பக்கத்து நகரம். ஆதலின் இவ்வண்டை நம் பகுதி விவசாயிகள் பலர் பெயர் தெரியாமலே பார்த்திருப்பீர்கள்.

ஆயினும் கள்ளிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. கள்ளி மெல்ல வளர்வது. பார்த்தீனியமோ ஆறு வாரத்தில் பூப்பது. வண்டு வறட்சிக் காலத்தில் மண்ணுக்குள் உறங்கி, மழை தொடங்கிய பின்னரே வெளிவந்து பெருகும். அது பெருகி முடிப்பதற்குள் முதல் மழைக்கு முளைத்த செடிகள் பூத்துவிடும். ஆகவே வண்டு நமக்குத் துணையாகுமேயன்றி நம் வேலை முழுவதையும் செய்துவிடாது. கைக்கு எட்டாத மேய்ச்சல் நிலத்தையும் கரட்டையும் வண்டிடம் விட்டுவிடலாம். வண்டு மிகுந்து தின்றுகொண்டிருக்கும் இடத்தில் பூச்சிமருந்து தெளிக்கலாகாது. ஊரின் உட்புறத்தையும் வயலின் சுற்றுப்புறத்தையும் நம் கையே காக்க வேண்டும்.

செய்ய வேண்டிய முறை

இனி, நாம் செய்ய வேண்டியவற்றை முறையாகக் கூறுவோம்.

1. நிலக்கணக்கு எடுத்தல். முதலில் வார்டு வாரியாக, எந்தெந்த இடத்தில் இச்செடி நிற்கின்றது, அந்நிலம் யாருடையது என்பதை எழுதி வைக்க வேண்டும். பஞ்சாயத்து நிலம், நெடுஞ்சாலைத் துறையின் நிலம், பாசன வாய்க்காலின் கரை, தொழிற்பேட்டை மனை, தனியார் மனை என்று பிரித்தால், யாருக்குக் கடிதம் எழுதுவது என்பது தெளிவாகும். பட்டியலைக் கிராம சபையில் படிப்பது நல்லது. தம் மனையின் பெயர் சபையில் படிக்கப்படும் என்று அறிந்தால் வெளியூர் உரிமையாளரும் சற்றே கவனம் கொள்வர்.

2. காலம் அறிந்து பிடுங்குதல். மழை பெய்து ஈரம் காயுமுன், முளைத்த மூன்றாம் வாரத்திற்குள், தண்டு எழும்பாத இளஞ்செடியாக இருக்கும்போதே வேரோடு பிடுங்க வேண்டும். அரிவாளால் அறுத்துவிட்டால் போதாது. அடியிலிருந்து மீண்டும் துளிர்த்துத் தரையோடு பூக்கும். பூத்துவிட்ட செடியைத் தவிர்க்க முடியாமல் பிடுங்க நேர்ந்தால், உதறாமல் சாக்கில் இட்டுக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

3. பிடுங்குவோரைக் காத்தல். இப்பணியைச் செய்வோர் பெரும்பாலும் ஏழைப் பெண்களே. நூறு செடி ஒழிந்து ஒரு பெண்ணின் கை புண்ணாகுமானால், அதனை வெற்றி என்று பஞ்சாயத்து சொல்லிக்கொள்ளலாகாது. கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கையும் வாயையும் மூடும் துணி ஆகிய மூன்றும் இன்றி எவரையும் இவ்வேலையில் இறக்கக்கூடாது. கையுறை வாங்கும் செலவைத் திட்டத்திலேயே சேர்த்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை, முகம் கழுவவும், அணிந்த துணியைத் தனியே துவைக்கவும் வசதி வேண்டும். முன்பே அரிப்போ இழுப்போ உள்ளவர்களை இதில் சேர்த்தலே தகாது. அவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு இதனைப் பிடுங்கச் செய்யும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். பிள்ளைகள் செடியை அடையாளம் காணக் கற்றுக்கொண்டால் போதும்.

4. பிடுங்கியதை எருவாக்குதல். பூக்காத செடியில் நல்ல தழைச்சத்து உண்டு. நீர் தேங்காத மேட்டு நிலத்தில் 3 அடி ஆழம், 6 அடி அகலம், 10 அடி நீளமுள்ள குழி வெட்டி, ஓர் அடுக்குச் செடி, அதன்மேல் சாணக் கரைசல், அதன்மேல் மண் என்று மாறி மாறி இட்டு நிரப்பி மூடிவிட்டால், நான்கைந்து மாதங்களில் மட்கிய எரு கிடைக்கும். பூத்த செடியை இக்குழியில் சேர்த்தல் கூடாது. காய்ந்த செடியைக் குவித்துக் கொளுத்துவதும் கூடாது. விதை அதற்குமுன்பே தரையில் உதிர்ந்திருக்கும். புகையோ சுவாசிப்போருக்குத் தீங்கு தரும்.

5. தரிசில் தெளித்தல். பயிரில்லாத இடங்களுக்கு, ஒரு லிட்டர் நீரில் 200 கிராம் சாப்பாட்டு உப்பும் 2 மில்லி லிட்டர் சோப்புக் கரைசலும் கலந்து பூக்குமுன் தெளிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கின்றது. உப்பு மண்ணைக் கெடுக்குமாதலால் வயலோரத்திலும், கிணற்றடியிலும், ஏரிக்கரையிலும் இதனைச் செய்யலாகாது. கல் பரப்பிய இடம், சுவரோரம் முதலியவற்றுக்கே இது ஏற்றது. வேறு களைக்கொல்லி எதையும் வேளாண்மை அலுவலரைக் கேளாமல் வாங்கித் தெளிக்க வேண்டா.

6. வெற்றிடத்தை நிரப்புதல். பிடுங்கிய இடத்தை வெறுந்தரையாக விட்டால் மீண்டும் இச்செடியே வரும். ஆவாரை, தகரை ஆகியவற்றின் விதையைச் சேகரித்து மழைக்கு முன் தூவி வைத்தால், அவை அடர்ந்து வளர்ந்து இதற்கு இடமின்றிச் செய்யும். வீட்டோரத்திலும் பள்ளிக்கூட வேலியோரத்திலும் செண்டுமல்லி விதைக்கலாம். அதுவும் பார்த்தீனியத்தை நெருக்கி அடக்கும். ஒரே குடும்பத்துச் செடியைக் கொண்டே மற்றொன்றை அடக்குவது நமக்கு இலாபமும் தரும்; பூவை விற்கலாமன்றோ?

7. விதை நுழையும் வழியை அடைத்தல். குயின்ஸ்லாந்தில் அறுவடை இயந்திரத்தையும் வண்டியையும் ஒரு பண்ணையிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு போகுமுன் கழுவும் பழக்கத்தை வற்புறுத்துகின்றனர். நம் ஊர்களிலும் டிராக்டர், உழுகலப்பை, ராகி அடிக்கும் இயந்திரம் ஆகியவற்றை வெளியூரிலிருந்து வரவழைத்தால், வயலில் இறங்குமுன் சேற்றைத் தட்டிக் கழுவச் சொல்லுங்கள். கட்டட வேலைக்கு வரும் மண்ணும் மணலும் கொட்டிய இடத்தை அடுத்த மழைக்குப் பின்னர்ப் போய்ப் பாருங்கள். விலைக்கு வாங்கும் எருவையும் அவ்வாறே கவனியுங்கள். பூச்செண்டு கட்டுவோர் அழகுக்காக இவ்வெண்பூவைச் சேர்ப்பதுண்டு. அதனையும் தடுத்தல் நலம்.

மூன்று கிராம சபைகள்

இத்தனையையும் எப்போது செய்வது? இங்கேதான் எமது முக்கியமான வேண்டுகோள் உள்ளது. ஆகஸ்டு மாத விழிப்புணர்வு வாரத்துக்காகக் காத்திருந்தால் நம் பகுதிக்குக் காலம் கடந்துவிடும். சித்திரை, வைகாசி மாதங்களில் பெய்யும் கோடை மழைக்கே இங்கு முதல் தலைமுறை முளைத்துவிடுகின்றது. அது பூத்து உதிர்த்த விதை, ஆனி, ஆடிச் சாரலுக்கு முளைக்கின்றது. புரட்டாசி, ஐப்பசியில் வரும் பெருமழைக்கு மூன்றாம் முறை முளைக்கின்றது.

நல்வாய்ப்பாக, நம் கிராம சபைகளும் ஏறத்தாழ இதே காலத்தில் கூடுகின்றன. மே 1ஆம் நாள் சபையில் நிலக்கணக்கைப் படித்து, முதல் மழைக்குப் பின் பிடுங்கும் நாளையும் ஆளையும் முடிவு செய்யுங்கள். ஆகஸ்டு 15ஆம் நாள் சபையில், எந்த இடத்தில் செடி பூக்கவிடப்பட்டது என்பதை மறைக்காமல் எடுத்துரைத்து, மறுநாள் தொடங்கும் விழிப்புணர்வு வாரத்தை அவ்விடங்களுக்கே பயன்படுத்துங்கள். அக்டோபர் 2ஆம் நாள் சபையில் மூன்றாம் முறைக்கு ஏற்பாடு செய்யுங்கள். இவ்வாறு விழாவின் நாளைப் பார்க்காமல் மழையின் நாளைப் பார்த்து வேலை செய்தால், ஒரு நாள் முகாம்களால் ஆகாதது ஆகும்.

கர்நாடக அரசாங்கம் 1975ஆம் ஆண்டிலேயே இதனைத் தீங்கு தரும் களை என்று சட்டப்படி அறிவித்தது. அப்படியும் எல்லைக்கு அப்பால் இச்செடி இன்றும் நிற்பதை நாம் கண்ணாரக் காண்கின்றோம். சட்டம் வேண்டியதே, ஆயினும் அது தானே வந்து களை பிடுங்காது. எல்லைக்கு அப்பாலுள்ள ஊர்களில் நமக்கு உறவும் கொடுக்கல் வாங்கலும் உண்டு. தென்பெண்ணை ஆற்று நீரும் அங்கிருந்தே கெலவரப்பள்ளி அணைக்கு வருகின்றது. ஆகவே, அந்தப் பஞ்சாயத்தாரோடும் பேசி, ஒரே வாரத்தில் இரு பக்கமும் வேலை நடக்கச் செய்வது நம்மாலாகாத காரியமன்று.

'நம் வயலில் இல்லை, நமக்கென்ன?' என்று ஒருவர் நினைத்தால் போதும். ஊர் முழுவதும் செய்த வேலை வீணாகிவிடும். பொது நிலத்தைப் பாதுகாப்பவன் தன் வயலையே பாதுகாக்கின்றான். இவ்வுண்மையை உணர்ந்து, வருகின்ற மழைக்கு முன்னரே உங்கள் ஊரின் நிலக்கணக்கை எழுதத் தொடங்குங்கள். நான்கைந்து ஆண்டுகள் தளராமல் பூக்குமுன் பிடுங்கும் ஊரில், மேய்ச்சல் நிலத்தில் மீண்டும் புல் வளரும். களை எடுக்கும் தாய்மாரின் கைகள் புண்ணின்றி இருக்கும். அந்நிலையை உங்கள் ஊராட்சி முதலில் எய்தட்டும் என்று வாழ்த்தி அமைகின்றோம்.